லைட் அணைந்தால் பழுது தீர்ந்ததா?

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைத் தட்டிப் பார்ப்பார்கள், டயரைக் குனிந்து பார்ப்பார்கள், கிலோமீட்டரைச் சந்தேகப்படுவார்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், மீட்டரில் மஞ்சள் நிற இன்ஜின் படம் எரிகிறதா என்று பார்ப்பவர் குறைவு. அந்த ‘செக் இன்ஜின்’ விளக்கு அப்போது எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி ஆன் ஆனபோதே எரியவில்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், வயரைத் துண்டித்திருக்கலாம். “லைட்டே வரலை சார், வண்டி கிளீன்” என்று புரோக்கர் சொல்வதில் முதல் பாதி உண்மைதான்.

இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் ஓபிடி-1, 2013 ஏப்ரலில் ஓபிடி-2 என்ற பழுதறியும் ஏற்பாடு கட்டாயமானது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட சாக்கெட் இருக்கும். ஸ்கேனரை அதில்தான் செருகுவார்கள். கார்புரேட்டர் வண்டிகளில் இதெல்லாம் கிடையாது. இடைக்காலத்து வண்டிகள்தான் தொல்லை. சாக்கெட் இருந்தாலும் மலிவான ஸ்கேனருக்குப் பதில் சொல்லாதவை உண்டு. விளக்கைச் சிமிட்டிப் பேசுபவையும் உண்டு. பழைய சுசுகி கார்கள் சிலவற்றில் குறிப்பிட்ட இரண்டு முனைகளை வயரால் இணைத்தால் விளக்கு ஒரு முறை சிமிட்டி, நிறுத்தி, இரண்டு முறை சிமிட்டும். அது 12, பழுது எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் இந்த வயர் வேலையில் இறங்க வேண்டாம். 16 முனை சாக்கெட்டில் கடைசி முனையில் எப்போதும் பேட்டரி கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

ஸ்கேனர் காட்டும் எரர் கோடின் முதல் எழுத்து பி (P) என்றால் இன்ஜின், கியர் பக்கம். சி என்றால் பிரேக், சஸ்பென்ஷன் பக்கம். அடுத்த எண் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோட். 1 என்றால் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோட். பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். அது ஏன் வந்தது என்று கோட் சொல்லாது. பணம் பறிபோவது இந்த இடைவெளியில்தான்.

பி 0171ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினுக்குப் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் செய்தி. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். பல ஒர்க்‌ஷாப்புகளில் முதலில் மாற்றப்படுவதும் அதே சென்சார்தான்! திருடனைப் பிடித்துக் கொடுத்த வாட்ச்மேனை வேலையைவிட்டு நீக்கிய கதை. உண்மைக் காரணம் வெடித்த வேக்குவம் ஹோஸாக இருக்கலாம்; அழுக்கேறிய காற்று அளவு சென்சாராக, சோர்ந்த பெட்ரோல் பம்ப்பாக இருக்கலாம். பத்து, பதினைந்து வயதான வண்டியில் ரப்பரும் வயரிங் முனைகளும்தான் முதலில் உயிரை விடும். புது சென்சார் போட்டு, கோடை அழித்து, விளக்கு அணைந்த வண்டியை ஒப்படைப்பார்கள். சில நாளில் விளக்கு திரும்ப வரும்.

ஆகவே ஒர்க்‌ஷாப்பில், எதையும் அழிப்பதற்கு முன் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கோட் பதிவான கணத்தில் வண்டியின் வேகம், ஆர்.பி.எம்., கூலன்ட் வெப்பம் ஆகியவையும் உள்ளே சேமிக்கப்பட்டிருக்கும். அழித்தால் அவையும் போய்விடும். என்ன சோதனை செய்து இந்தப் பாகம்தான் கெட்டது என்று முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள். கோட் எண்ணை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். செய்த வேலைக்கு முறைப்படி பில் தராதது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை.

விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் மட்டும் இந்த விசாரணைக்கெல்லாம் நேரமில்லை. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

“வெளியில் ஸ்கேன் செய்தால் வாரன்டி போய்விடும்” என்ற மிரட்டலுக்கும் பதில் இருக்கிறது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததற்காக, 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் வேலை பார்த்தார் என்பதற்காக ஒட்டுமொத்தமாக வாரன்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும், வெளியில் செய்த தவறான வேலையால் கெட்டுப்போன அளவுக்குத்தான் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனாலும் வாரன்டி மறுப்பை எழுத்தில் கேட்டுப் பாருங்கள். வாயால் சொன்ன பலர் எழுதித் தரத் தயங்குவார்கள்.

இனி வாங்கும் இடம். விற்பதற்கு முன் கோடை அழிக்க ஒரு நிமிடம் போதும். அதற்கும் தடயம் உண்டு. சுயசோதனைகள் ‘முடியவில்லை’ என்று ஸ்கேனர் காட்டும். பல வண்டிகளில் கோட் அழித்தபின் ஓடிய தூரமும் தெரியும். தினமும் ஓடும் வண்டி என்று சொல்லிவிட்டு அங்கே 6 கிலோமீட்டர் என்று நின்றால் காரணம் கேளுங்கள். பேட்டரியைக் கழற்றினாலும் இதே நிலை வரலாம் என்பதால் விற்பவரை உடனே கள்ளனாக்க வேண்டாம். புது பேட்டரி மாட்டினேன் என்றால் அதன் பில் இருக்குமே! சில நாள் ஓட்டச் சொல்லி மறுபடி ஸ்கேன் செய்யலாம்.

டீலரிடம் வாங்கி ஏமாந்தால் 1915க்கு அழைக்கலாம். தீர்வு கிடைக்காவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இன்னொரு ஒர்க்‌ஷாப்பின் எழுத்துபூர்வ அறிக்கையும் தேதியுள்ள ஸ்கேன் பதிவும் இருந்தால் வழக்கு நிற்கும்.

சொந்தக் காரை விற்கும் தனிநபர் வணிகர் இல்லை என்பதால் அங்கே இந்த வழி பெரும்பாலும் உதவாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். அதன் 19ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. விற்பவர் மௌனமாக மறைத்த உண்மையை வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு கண்டுபிடித்திருக்க முடியும் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே ஸ்கேனர் கிடைக்கும் காலத்தில் “எனக்குத் தெரியாது” என்ற வாதம் எவ்வளவு தூரம் எடுபடும் என்று யோசியுங்கள். ஸ்கேன் முடிவை விற்பனைக் கடிதத்தோடு இணைத்து, ‘பழுதுக் குறியீடுகள் எதுவும் அழிக்கப்படவில்லை’ என்ற வரியின் கீழ் விற்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதன் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.