மூக்கிலிருந்து முழங்காலுக்கு: ஆய்வகத்தில் வளரும் குருத்தெலும்பு

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகள், காற்றிலிருந்த கார்பன்-14 அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கின. அத்தகைய சோதனைகளைத் தடைசெய்த 1963ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த அளவு ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே வந்தது. பயிர் வழியாகவும் பால் வழியாகவும் இறைச்சி வழியாகவும் அந்தக் கார்பன் மனித உடலுக்குள்ளும் புகுந்தது. ஒரு திசு எந்த ஆண்டில் உருவானதோ, அந்த ஆண்டின் காற்றிலிருந்த அளவு அதில் பதிந்திருக்கும். இதை வைத்து டென்மார்க் ஆய்வாளர்கள், 1935 முதல் 1997 வரை பிறந்தவர்களின் முழங்கால் குருத்தெலும்புக்கு வயது கணக்கிட்டார்கள். முடிவு 2016இல் வெளியானது. ஐம்பது, அறுபது வயதானவரின் மூட்டிலும் கொலாஜன் புரதம் அவர் வளர்ந்துகொண்டிருந்த பருவத்தில் உருவானதாகவே இருந்தது. வளர்ச்சி நின்ற பிறகு புதிதாகச் சேர்ந்தது அநேகமாக எதுவும் இல்லை.

தோல் உரிந்தால் வளர்கிறது. எலும்பு முறிந்தால் சில வாரங்களில் கூடிவிடுகிறது. கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மறுபடி பெருகுகிறது. மூட்டுக் குருத்தெலும்புக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீளாது என்பதை லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் 1743இலேயே ராயல் சொசைட்டியின் இதழில் எழுதிவிட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019இல் 52.8 கோடிப் பேர் மூட்டுத் தேய்மானத்தோடு வாழ்ந்தார்கள். அதில் பெரும்பங்கு முழங்கால் தேய்மானம்.

உடல் செய்து தராததை ஆய்வகத்தில் செய்து, உடலுக்குள் வைக்க முடியுமா? முப்பது, நாற்பது ஆண்டுகளாகப் பல நாட்டு ஆய்வகங்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகின்றன. இதில் கிடைத்த வெற்றிகளும் தோல்விகளும் ஒன்றையே சொல்கின்றன: குருத்தெலும்புச் செல்லைப் பெருக்குவது பெரிய காரியமல்ல, அந்தச் செல்லைச் சுற்றி உருவாக வேண்டிய பொருளைப் பக்குவமாக வளர்த்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ரத்தம் ஓடாத திசு

முழங்காலில் தொடை எலும்பின் முனையையும் கால் எலும்பின் தலையையும் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். வெண்மையாக, கண்ணாடிப் பளபளப்போடு இருக்கும். நடக்கும்போதும் படி ஏறும்போதும் உடல் எடையைப் போல் சில மடங்கு அழுத்தம் அதன்மேல் விழுகிறது. அதைத் தாங்கிக்கொண்டே, எலும்போடு எலும்பு உரசாமல் வழுக்கிச் செல்லவும் அது வழி செய்கிறது.

இவ்வளவு வேலை செய்யும் திசுவில் செல்கள் மிகக் குறைவு. முழங்கால் குருத்தெலும்பின் கன அளவில் அவை ஏறக்குறைய 2 சதவீதம். மீதியெல்லாம் அந்தச் செல்கள் தம்மைச் சுற்றிக் கட்டிய பொருள். எடையில் முக்கால்வாசி தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு. அதன் எதிர்மின்னேற்றம் நீரை உள்ளே இழுக்கிறது. வீங்க முயலும் அந்த மூலக்கூறுகளை இறுக்கிக் கட்டிப்போடுவது இரண்டாம் வகைக் கொலாஜன் இழைகளின் வலை. காற்றடைத்த டயரில் காற்றும் ரப்பரும் சேர்ந்து பாரம் தாங்குவது போல, இங்கே நீரும் இழையும் சேர்ந்து தாங்குகின்றன. இரண்டில் ஒன்று குறைந்தாலும் திசு தொய்ந்துவிடும்.

இந்தத் திசுவுக்குள் ரத்தக் குழாய் கிடையாது. உடலில் எந்தக் காயமும் ஆறத் தொடங்குவது ரத்தம் உறைவதில்தான். ரத்தமே வராத இடத்தில் அந்த முதல் அடிகூட எடுத்து வைக்கப்படுவதில்லை. நரம்பும் கிடையாது. குருத்தெலும்பு தேயும்போது அது தானாக வலிப்பதில்லை. அடியிலுள்ள எலும்பும் மூட்டின் உள்சவ்வும் பாதிக்கப்படும்போதுதான் வலி தெரிகிறது. ‘ஜவ்வு தேய்ந்துவிட்டது’ என்று மருத்துவர் சொல்லும் நாளில் பலருக்கும் சேதம் முற்றியிருப்பது இதனால்தான்.

கோத்தன்பர்க்கில் எடுத்த முதல் அடி

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் லார்ஸ் பீட்டர்சன், மாட்ஸ் பிரிட்பெர்க் உள்ளிட்ட மருத்துவர்கள் 1987இல் ஒரு புதிய முறையைத் தொடங்கினார்கள். மூட்டில் அதிக எடை விழாத ஒரு மூலையிலிருந்து துளிக் குருத்தெலும்பைச் சுரண்டி எடுப்பது; அதிலிருந்து செல்களைப் பிரித்துச் சில வாரங்கள் வளர்த்துப் பெருக்குவது; பிறகு மூட்டைத் திறந்து, குழி விழுந்த இடத்தின்மேல் எலும்பு உறையின் சிறு துண்டைத் தைத்து, அதனடியில் செல் கரைசலைச் செலுத்துவது. 1994இல் 23 நோயாளிகளின் நிலையை அவர்கள் வெளியிட்டார்கள். தொடை எலும்பு முனையில் சிகிச்சை பெற்ற 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். முழங்கால் சில்லில் சிகிச்சை பெற்ற 7 பேரில் 2 பேருக்கு மட்டுமே.

1997இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த வகைச் சிகிச்சைக்கு அனுமதி தந்தது. செல்களைக் கரைசலாகச் செலுத்தாமல் கொலாஜன் படலத்தில் ஏற்றிப் பதிக்கும் மேம்பட்ட வடிவத்துக்கு 2016இல் அனுமதி கிடைத்தது. இந்தியாவிலும், நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்களை வளர்த்துத் திரும்பச் செலுத்தும் முறைக்கு 2017இல் ஒப்புதல் வந்தது.

ஆனால் இந்த முறையில் மூட்டுக்குள் போவது செல்கள்தான், குருத்தெலும்பு அல்ல. உள்ளே போன பிறகு அவை வேலை செய்து திசுவைக் கட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல். தட்டையான கண்ணாடி, பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால் குருத்தெலும்புச் செல்கள் வேகமாகப் பெருகும். பெருகப் பெருகத் தம் இயல்பை இழக்கும். உருண்டையாக இருந்தவை தட்டையாகி நீளும். இரண்டாம் வகைக் கொலாஜனை விட்டுவிட்டு, தழும்பிலும் தோலிலும் காணப்படும் முதல் வகைக் கொலாஜனைச் சுரக்கத் தொடங்கும். அப்படி உருவாகும் திசு குழியை நிரப்பும். நெடுநாள் பாரம் தாங்காது. இயல்பு இழந்த செல்களை மென்மையான அகரோஸ் கூழுக்குள் முப்பரிமாணமாக வைத்தால் பழைய குணத்துக்குத் திரும்புகின்றன என்று 1982இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். செல்லுக்கு இடம் முக்கியம் என்பது அப்போது தெளிவானது.

பாரம் இல்லாமல் பலம் இல்லை

இடம் மட்டும் போதாது என்பதை விண்வெளியில் நடந்த ஒரு சோதனை காட்டியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லிசா ஃப்ரீட், ராபர்ட் லாங்கர், கோர்டானா வுன்யாக்-நோவகோவிச் ஆகியோர், கன்றின் குருத்தெலும்புச் செல்களை மக்கும் நெகிழிச் சட்டகத்தில் விதைத்துப் பூமியில் மூன்று மாதம் வளர்த்தார்கள். பிறகு ஒரு பகுதியை 1996 செப்டம்பரில் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பினார்கள். மறுபகுதி பூமியிலேயே வளர்ந்தது. நான்கு மாதம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். எடையற்ற சூழலில் மிதந்த திசு உயிரோடுதான் இருந்தது, குருத்தெலும்பாகவும்தான் இருந்தது. ஆனால் உருண்டு, சிறுத்து, பூமியில் வளர்ந்ததைவிடப் பலம் குன்றியிருந்தது.

அப்படியானால் வளரும்போதே அழுத்திக் கொடுத்தால்? நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மாக், கிளார்க் ஹங், ஜெரார்ட் அடெஷியன் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. செல்கள் விதைத்த சில மில்லிமீட்டர் அகலமுள்ள அகரோஸ் வட்டுகளை ஒரு கருவியில் வைத்தார்கள். கருவி நொடிக்கு ஒருமுறை வட்டைப் பத்து சதவீதம் அழுத்தி விடும். ஒரு மணி நேரம் அழுத்தம், ஒரு மணி நேரம் ஓய்வு. இப்படி நாளுக்கு மூன்று சுற்று, வாரத்தில் ஐந்து நாள். சும்மா ஊறிக் கிடந்த வட்டுகள் இன்னொரு பக்கம். 28ஆம் நாள் சோதித்தபோது, பயிற்சி பெற்ற வட்டுகளின் விறைப்பு மற்றவற்றைப் போல ஆறு மடங்குக்கு மேல் இருந்தது. ஆனாலும் அது இயற்கைக் குருத்தெலும்பின் விறைப்பைத் தொடவில்லை.

உலகெங்கும் இந்தத் துறையில் இருப்பவர்களின் தீராத கவலை கொலாஜன்தான். ஆய்வகத் திசுவில் நீரை ஈர்க்கும் மூலக்கூறுகள் சில வாரங்களில் தேவையான அளவுக்கு நெருங்கிவிடுகின்றன; கொலாஜன் வலை பின்தங்கிவிடுகிறது. மனித உடல் பிறப்பிலிருந்து பதின்பருவம் வரை ஆண்டுக்கணக்கில் பின்னுவதை ஒரு சில வாரத்தில் பின்னச் சொல்வது சாதாரண கோரிக்கை அல்ல.

மூக்கின் நடுச்சுவரில் ஒரு துளி

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இவான் மார்ட்டின் தலைமையிலான குழு வேறொரு பக்கம் திரும்பிப் பார்த்தது. முழங்காலுக்கான செல்லை முழங்காலிலிருந்துதான் எடுக்க வேண்டுமா? மூட்டுச் செல்கள் வயதாக ஆக வீரியம் குறைகின்றன. எடுக்கும் இடத்திலும் புதுக் காயம். மூக்கின் நடுச்சுவரிலும் அதே வகைக் குருத்தெலும்பு இருக்கிறது. வயதானாலும் அந்தச் செல்கள் நன்றாகப் பெருகுகின்றன; எடுப்பதும் எளிது.

கருவில் மூக்குக் குருத்தெலும்பும் முழங்கால் குருத்தெலும்பும் வெவ்வேறு அடுக்குகளிலிருந்து உருவாகின்றன. ஊரும் உறவும் வேறான செல்லை மூட்டு ஏற்குமா என்ற ஐயம் நியாயமானது. ஆட்டின் மூட்டில் வைத்துப் பார்த்தபோது, மூக்குச் செல்கள் உடலில் இடத்தைக் குறிக்கும் ஹாக்ஸ் மரபணுக்களின் செயல்பாட்டை மாற்றிக்கொண்டு, மூட்டுச் செல்களைப் போலவே நடந்துகொண்டன. 2014இல் இதே குழு, தோல் புற்றுநோய் அறுவையில் மூக்கு மடலை இழந்த ஐந்து பேருக்கு ஆய்வகக் குருத்தெலும்பால் மூக்கைச் சீரமைத்ததையும் வெளியிட்டது.

பிறகு முழங்கால். உணர்வு மரக்கும் ஊசி போட்டு, மூக்கின் நடுச்சுவரிலிருந்து 6 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு எடுக்கிறார்கள். அதிலிருந்து பிரித்த செல்கள் நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தோடு இரண்டு வாரம் பெருகுகின்றன. அடுத்த இரண்டு வாரம் கொலாஜன் படலத்தில் தங்கித் தம்மைச் சுற்றிக் குருத்தெலும்புப் பொருளைக் கட்டுகின்றன. முடிவில் கையில் எடுத்துக் கத்தரித்துத் தைக்கக்கூடிய, 3 சென்டிமீட்டருக்கு 4 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு பட்டை கிடைக்கிறது. அறுவை மருத்துவர் குழியின் வடிவத்துக்கு அதை வெட்டிப் பொருத்துகிறார். முதல் பத்துப் பேரின் இரண்டாண்டு நிலையை 2016இல் லான்செட் இதழ் வெளியிட்டது. வலி குறைந்தது, நடை மேம்பட்டது, பட்டையால் ஆபத்தான பக்க விளைவு எதுவும் தெரியவில்லை.

அடுத்து நடந்த சோதனை இன்னும் முக்கியமானது. பல நாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். இரு பிரிவுக்கும் மூக்குச் செல், இரு பிரிவுக்கும் கொலாஜன் படலம். ஒரே வேறுபாடு காத்திருப்பு: ஒரு பிரிவின் படலம் செல்களை ஏற்றி இரண்டே நாளில் மூட்டுக்குள் போனது, மற்றதற்கு இரண்டு வாரம் பக்குவப்பட நேரம் தரப்பட்டது. 2025இல் வெளிவந்த முடிவின்படி இரு பிரிவினரும் தேறினார்கள். பக்குவப்பட்ட திசுவைப் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். பெரிய குழி இருந்தவர்களிடமும், முன்பே அறுவை செய்து பலன் இல்லாதவர்களிடமும் அந்த வேறுபாடு தூக்கலாகத் தெரிந்தது. செல் ஒன்றே, அது கட்டி முடித்த பொருள் எவ்வளவு என்பதில்தான் பலன் மாறியது.

காது எங்கே நிற்கிறது?

காது மடலும் குருத்தெலும்புதான். முதுகில் மனிதக் காது முளைத்தது போன்ற எலியின் படம் 1997இல் உலகம் முழுக்கச் சுற்றியது. அது மனிதக் காது அல்ல. காது வடிவச் சட்டகத்தில் கன்றின் குருத்தெலும்புச் செல்களை விதைத்து, எலியின் தோலுக்கடியில் வைத்திருந்தார்கள். 2018இல் சீன மருத்துவர்கள், பிறவியிலேயே காது மடல் வளராத ஐந்து குழந்தைகளுக்கு அவர்களுடைய சொந்தச் செல்களால் வளர்த்த மடலைப் பொருத்தியதாக அறிவித்தார்கள். காது மடல் உடல் எடையைச் சுமப்பதில்லை. அதற்குத் தேவை வடிவம். முழங்காலோடு ஒப்பிட்டால் இது வேறு கணக்கு.

யாருக்குப் பயன்படும்?

இன்று அனுமதி பெற்ற முறைகளும், பாசல் சோதனையும் பெரும்பாலும் குறிவைப்பது விபத்தாலோ விளையாட்டாலோ குருத்தெலும்பில் தனித்த குழி விழுந்தவர்களை. சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு இருந்தால்தான் புதுத் துண்டுக்குப் பிடிமானம் கிடைக்கும். முழங்கால் முழுக்கத் தேய்ந்து எலும்பு எலும்போடு உரசும் நிலையில் இருப்பவருக்கு, மூட்டு மாற்று அறுவை சிகிச்சைதான் இப்போதும் உறுதியான வழி.

இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கிறது. ‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஜவ்வு வளரும்’ என்ற விளம்பரங்களை நம்பி வலியோடு போகிறவர்கள் ஏராளம். ஆய்வகத்தில் வாரக்கணக்கில் பக்குவப்பட்ட திசுவுக்கும், உடலிலிருந்து உறிஞ்சி அன்றே திரும்பச் செலுத்தும் ஊசிக்கும் பெரிய இடைவெளி உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று நீங்கலாக, பிற ஸ்டெம் செல் பயன்பாடுகள் முறைப்படியான மருத்துவச் சோதனையாகவே நடக்க வேண்டும் என்கின்றன. ஒப்புதல் உள்ளதா, எந்தச் சோதனையில் பதிவாகியிருக்கிறது, எத்தனை ஆண்டு கண்காணிப்பார்கள் என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை இருக்கிறது. அந்தக் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் வராத இடத்தில் பணத்தையும் மூட்டையும் ஒப்படைக்கக் கூடாது.

ஆய்வு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஜப்பானில் நொரியுகி ட்சுமாகி குழு, தானம் செய்தவரின் செல்களை முதல்நிலைக்குத் திருப்பி, அவற்றிலிருந்து குருத்தெலும்பைத் தயாராக வளர்த்து வைக்கும் வழியில் இறங்கியிருக்கிறது. நோயாளி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், குருத்தெலும்புக்குள்ளேயே குறைந்த எண்ணிக்கையில் இருக்கும் முன்னோடிச் செல்களைப் பிரித்து ஆராய்கிறார்கள். பாசல் குழு 2021இல், தேய்மானம் கண்ட முழங்காலோடு வந்த இருவருக்கு மூக்குக் குருத்தெலும்பைப் பதித்த அனுபவத்தை வெளியிட்டது. இருவருக்கும் வலி குறைந்தது. செயற்கை மூட்டு உடனே தேவைப்படவில்லை. இருவரை வைத்து முடிவுக்கு வர முடியாது என்பதால், முழங்கால் சில்லுக்குப் பின்னால் தேய்மானம் உள்ளவர்களிடம் இதே முறையைச் சோதிக்கும் வேலை ஐரோப்பாவில் தொடங்கியிருக்கிறது. வீக்கமும் அழற்சியும் நிறைந்த மூட்டில் புதுத் திசு பிழைக்குமா, பிழைத்தால் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை அந்த நோயாளிகளின் முழங்கால்கள் சொல்லும்.