பம்பருக்குள் ஓர் ஒட்டு ஒயர்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போகும் வழியில், பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நிற்கும் சிறு கார்களின் பின்பக்கத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சிலவற்றில் பம்பருக்கு வெளியே கனத்த இரும்புக் குழாயும், நடுவில் உருண்டைத் தலை வைத்த கொக்கியும் இருக்கும். டிரெய்லர் இழுப்பதற்காக வந்த 'டோ பார்' அது. இங்கே டிரெய்லர் இழுப்பவர்தான் இல்லை. சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது எதிலாவது இடித்தால் பம்பர் தப்பட்டுமே என்று மாட்டிக்கொண்டது. மாட்டிய கையோடு கூடுதல் பிரேக் விளக்கு, பளிச்சென்ற எல்இடி பட்டை, ரிவர்ஸ் கேமரா என்று ஒன்றொன்றாகச் சேரும். எல்லாமே வீட்டு வாசலில், ஒரு கட்டிங் பிளேயரும் இன்சுலேஷன் டேப்பும் கொண்டு முடிந்துவிடுகிற வேலை.

இரும்பைவிட அந்த டேப்தான் ஆபத்து. பிரேக் விளக்கு பல்பு ஒன்று 21 வாட். 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். அதே ஒயரைச் சீவி இன்னும் இரண்டு பல்பைக் கோத்தால் கூடுதலாக மூன்றரை ஆம்பியர். கம்பெனிக்காரன் போட்ட மெல்லிய ஒயர் அந்தச் சுமைக்கென்று கணக்குப் பார்த்துப் போட்டதல்ல. ஃபியூஸ் போகும். அடுத்துச் செய்வதுதான் கொடுமை: 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு 20 ஆம்பியர் மஞ்சளைச் சொருகுவார்கள். ஃபியூஸ் காப்பது பல்பை அல்ல, ஒயரை. பெரிய ஃபியூஸ் போட்ட பிறகு, ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் உருகும். முன்விளக்கில் 60 வாட்டை எடுத்துவிட்டு 100 வாட் பல்பு போடுவதும் இதே கதைதான்.

முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் வெயிலில் பசை விட்டுப் போகும். ஐப்பசி மழையில் சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் உள்ளே புகுந்து செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு ஏறிய இடம் சூடாகும். புது மாடல் கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. விளக்குகளை ஒரு கணினிப் பெட்டி நேரடியாகக் கண்காணிக்கிறது. நடுவில் ஒட்டுப்போட்டால் இண்டிகேட்டர் தாறுமாறாகச் சிமிட்டும், டேஷ்போர்டில் எச்சரிக்கை எரியும், சில நேரம் அந்தப் பெட்டியே போய்விடும்.

செய்தே தீர வேண்டுமென்றால் பழைய ஒயரிலிருந்து சிக்னலை மட்டும் ரிலேக்கோ அதற்கென்ற மாட்யூலுக்கோ எடுங்கள். கரண்ட் பேட்டரியிலிருந்து தனி ஒயரில் வரட்டும். அந்த ஒயருக்குத் தனி ஃபியூஸ், அதுவும் பேட்டரிக்கு மிக அருகில். தொடங்கும் முன் மைனஸ் டெர்மினலைக் கழற்றுங்கள். மஞ்சள் உறை போட்ட ஒயரும் கப்ளரும் பெரும்பாலும் ஏர்பேக்குக்குப் போகிறவை. அவற்றைத் தொடவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) அப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. கிராஷ் கார்டு, புல் பார் மாட்டுவது 52ஆம் பிரிவுக்கு விரோதம் என்று 2017 டிசம்பரிலேயே மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம்தான். தனிப் பதிவு இல்லாமல் இழுத்துப் போக முடியாது.

நம்மூருக்கு இதைவிட முக்கியமானது இன்சூரன்ஸ். தறி வீட்டிலிருந்து காந்தி ரோடு கடைக்குப் புடவைக் கட்டுகளைச் சொந்தக் காரில் ஏற்றிப் போவது இங்கே சாதாரணம். ஆனால் தனியார் கார் பாலிசியில், சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர சரக்கு ஏற்றுவதற்கு இடமில்லை என்று சிறிய எழுத்தில் இருக்கும். ஒயர் பற்றிக் கார் எரிந்தால் உள்ளே இருந்த பட்டுக்கு அந்தப் பாலிசி ஒரு காசும் தராது. காருக்கான பணத்துக்கும் 'சரக்கு ஏற்றினாய், ஒயரை மாற்றினாய்' என்று இரண்டு காரணம் தயாராக இருக்கும்.

அதற்காகக் கிளெய்ம் செத்துப்போய்விட்டது என்று வீடு திரும்ப வேண்டாம். விலக்கு விதியைக் காட்டி மறுக்கும் கம்பெனிதான் அதை நிரூபிக்க வேண்டும். டேப் சுற்றிய ஒயர் ஒன்று இருந்தது என்பதே தீக்குக் காரணம் ஆகிவிடாது. பயன்பாட்டு நிபந்தனையை மீறிய வழக்கு ஒன்றில் (அமலேந்து சாஹூ வழக்கு, 2010) கிளெய்மை முழுதாக நிராகரித்தது தவறு என்றது உச்ச நீதிமன்றம். இத்தகைய மீறல்களில் ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை தரலாம் என்ற வழிகாட்டுதலும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது. சர்வேயர் அறிக்கையின் நகலை எழுதிக் கேட்டு வாங்குங்கள். வாதம் அங்கிருந்துதான் தொடங்கும்.

கூடுதல் விளக்கையும் கேமராவையும் பாலிசியில் முன்பே எழுதி ஏற்றிக்கொள்ளலாம். பழைய மோட்டார் டாரிஃப் கணக்கில் அதற்குப் பிரீமியம் மதிப்பில் 4 சதவீதம், அதாவது 10,000 ரூபாய் சாமானுக்கு 400 ரூபாய். இதைக்கூடச் சொல்லாமல் விற்பவர்கள் அதிகம்.

கம்பெனி மறுத்தாலோ, புகார் கொடுத்து ஒரு மாதமாகப் பதில் இல்லாமல் இருந்தாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஒயரிங் செய்தவரின் கோளாறு என்றால் அது சேவைக் குறைபாடு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இதற்கெல்லாம் கேட்கப்படுவது பில். வாசலில் நின்று 800 ரூபாய் வாங்கிக்கொண்டு போகிற எலக்ட்ரீஷியனிடம் ஒரு துண்டுச் சீட்டிலாவது தேதி, செய்த வேலை, கையெழுத்து வாங்கி, பம்பரை மூடும் முன் ஒட்டுகளைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.