பச்சைத் தென்னை படத்தில் சிவப்பு! நோயைக் காட்டிக் கொடுத்த காமிரா

தென்னந்தோப்புக்கு மேலே ஹெலிகாப்டர் பறந்தது. அதில் இருந்த காமிரா, கீழே நின்ற மரங்களைப் படம் பிடித்தது. பிலிமைக் கழுவிப் பார்த்தால், பச்சைத் தென்னை எல்லாம் சிவப்பு!

பிலிம் கெட்டுப் போய்விட்டதோ என்று நினைக்க வேண்டாம். நல்ல சிவப்பாக இருந்த மரம்தான் ஆரோக்கியமான மரம். சிவப்பு மங்கி நின்ற மரம் நோயாளி!

இது கதை அல்ல. 1970-ம் ஆண்டையொட்டி கேரளத்தில் காயங்குளம் பகுதியில் நடந்தது. வானில் இருந்து படம் எடுத்து மரத்தின் நோயைக் கண்டுபிடிக்க இந்தியாவில் நடந்த முதல் முயற்சி இதுதான்.

பொல்லாத நோய்

ஹெலிகாப்டரில் ஏறும் அளவுக்கு அப்படி என்ன அவசரம்?

வேர் வாடல் நோய்! 1882-ம் ஆண்டு வாக்கில், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஈராற்றுப்பேட்டை பக்கம் முதன்முதலாகத் தலைகாட்டியது. பெருவெள்ளம் வடிந்த கையோடு வந்தது என்பார்கள். பிறகு தோப்புத் தோப்பாகப் பரவியது.

இந்த நோய் மரத்தை ஒரே அடியாகக் கொல்லாது. அதுதான் கொடுமை. ஓலையின் இதழ்கள் உள்பக்கம் வளைந்து, விலா எலும்பு மாதிரி ஆகிவிடும். ஓலை மஞ்சளாகும். ஓரம் கருகும். காய்ப்பு வருடத்துக்கு வருடம் குறையும். கடைசியில் மரம் நிற்கும், காய் இருக்காது.

அந்தக் காலத்தில் நோய்க்குக் காரணமே தெரியவில்லை. மண் கோளாறு என்றார்கள், பூஞ்சாணம் என்றார்கள், வைரஸ் என்றார்கள். கண்ணாடிச் சிறகுப் பூச்சி போன்ற சிறு பூச்சிகள் சுமந்து வரும் ‘பைட்டோபிளாஸ்மா’ என்னும் நுண்ணுயிர்தான் குற்றவாளி என்பது 1980-களில்தான் தெரிய வந்தது.

நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது? எந்தெந்த மரத்தைப் பிடித்திருக்கிறது? ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்து எண்ணி முடிப்பதற்குள் நோய் அடுத்த ஊருக்குப் போய்விடும். அதனால்தான் வானத்தில் ஏறினார்கள்.

திருச்சியில் படித்தவர்

இந்தச் சோதனைக்கு வழிகாட்டியவர் பேராசிரியர் பி.ஆர்.பிஷரோட்டி. கேரளத்தில் கொல்லங்கோட்டில் 1909-ல் பிறந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். சென்னை லயோலா கல்லூரியில் பாடம் நடத்தியவர். கோடை லீவு விட்டதும் பெங்களூருக்குப் போய் சர் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சி செய்வாராம்!

வானிலை இலாகாவில் பெயர் வாங்கிய பிறகு, விக்ரம் சாராபாயின் ஆமதாபாத் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தார். டில்லி விவசாய ஆராய்ச்சி விஞ்ஞானிகளும், காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தாரும் அவரோடு தோள் கொடுத்தார்கள். நோயுற்ற மரங்களைப் படங்கள் தனியே பிரித்துக் காட்டின.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

காமிராவுக்குத் தெரிந்தது மனிதனின் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை?

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். டி.வி. ரிமோட்டின் முனையைப் பார்த்தபடி பட்டனை அமுக்குங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதையே செல்போன் காமிரா வழியாகப் பாருங்கள். பல போன்களில் அந்த முனை ‘பளிச்’ என்று மின்னும். பின்பக்கக் காமிராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் காமிராவில் தெரியலாம். அதுதான் அகச்சிவப்பு ஒளி. இருக்கிறது, ஆனால் நம் கண்ணுக்கு எட்டாது.

நல்ல இலை, வெயிலில் இருக்கும் சிவப்பு ஒளியை உணவு தயாரிக்க உறிஞ்சிக் கொள்கிறது. அகச்சிவப்பு ஒளியோ அதற்கு வேண்டாத சரக்கு. வந்ததில் ஏறக்குறைய பாதியைத் திருப்பி அடித்துவிடும். இலைக்குள்ளே பஞ்சு போல அடுக்கியிருக்கும் திசுக்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

நோய் வந்தாலோ, தண்ணீர் இல்லாமல் காய்ந்தாலோ அந்தப் பஞ்சு அடுக்கு குலைகிறது. திரும்பி வரும் அகச்சிவப்பும் குறைகிறது. இலை வெளிப்பார்வைக்குப் பச்சையாக இருக்கும்போதே, பல சமயம் உள்ளே இந்தக் கோளாறு தொடங்கிவிடும்.

காயங்குளத்தில் போட்ட பிலிம், அகச்சிவப்பைச் சிவப்பு நிறமாகப் பதிவு செய்யும் பிலிம். அதனால்தான் ஆரோக்கியமான மரம் சிவந்தது, நோயாளி மரம் வெளுத்தது.

இந்த வகைப் பிலிம் முதலில் பிறந்தது பயிருக்காக அல்ல, போருக்காக! இரண்டாம் உலகப் போரில் பீரங்கிகளைப் பச்சை வலை போட்டு மறைப்பார்கள். கண் ஏமாறும்; பிலிம் ஏமாறாது. உயிருள்ள இலை ஒரு நிறம், பச்சைப் பெயிண்ட் வேறு நிறம்! போர் முடிந்தபின் அதே பிலிம் வயலுக்கு வந்தது. கலிபோர்னியாவில் ராபர்ட் கால்வெல் என்ற விஞ்ஞானி, கோதுமை போன்ற தானியப் பயிர்களின் நோயை விமானப் படத்தில் அடையாளம் காணலாம் என்று 1956-ல் எழுதினார்.

மரத்துக்கும் வியர்க்கும்

இன்னொரு வகைக் காமிராவும் உண்டு. அது நிறத்தைப் பார்ப்பதில்லை. சூட்டைப் பார்க்கிறது!

மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துப் போகிறது. இலையும் அப்படித்தான். தன் நுண்துளைகள் வழியாக நீரை ஆவியாக விட்டுக் குளிர்ச்சியாக இருக்கிறது. வேரில் தண்ணீர் இல்லை என்றால் துளைகளை மூடிக் கொள்கிறது. இலை சுடுகிறது. வாடித் தலை தொங்கும் முன்பே உடம்பு சுட ஆரம்பித்துவிடும்!

பிள்ளைக்குக் காய்ச்சலா என்று தாய் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போலத்தான் இது. இந்தச் சூட்டைக் கணக்கிட்டுப் பயிரின் தாகத்தை அளக்கும் முறையை 1981-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஆராய்ந்த விஞ்ஞானிகள் வகுத்தார்கள்.

இப்போது டிரோன்

இந்தியாவின் ஐ.ஆர்.எஸ். 1-ஏ செயற்கைக்கோள் 1988 மார்ச் 17-ந் தேதி விண்ணுக்குச் சென்றது. அதிலும் அகச்சிவப்புக் காமிரா இருந்தது. ஆனால் அதன் ஒரு காமிராவில் ஒரு புள்ளி என்பதே சுமார் 72 மீட்டர் அகலம். தோப்பு தெரியும், தனி மரம் தெரியாது.

அந்தக் குறையை இன்று டிரோன் தீர்த்திருக்கிறது. பிலிம் வேண்டாம், ஹெலிகாப்டர் வேண்டாம். கையில் தூக்கிப் போகும் டிரோன், மரம் மரமாகப் படம் எடுத்து வந்துவிடும்.

இது நமக்கு எட்டாத சங்கதி அல்ல. அன்று காயங்குளத்தைக் கலக்கிய அதே வேர் வாடல், சமீப ஆண்டுகளில் பொள்ளாச்சி, ஆனைமலை தோப்புகளுக்கும் வந்துவிட்டது. ‘கேரள வாடல்’ என்றே விவசாயிகள் அதை அழைக்கிறார்கள். குணப்படுத்த மருந்து கிடையாது. பராமரித்துக் காலத்தை ஓட்டலாம். முற்றிப் போன மரத்தை வெட்டத்தான் வேண்டும்.

வெட்டுவதா, வேண்டாமா?

இங்கேதான் காமிராவின் குறையும் தெரிகிறது. மரத்துக்கு உடம்பு சரியில்லை என்று அது சொல்லும். என்ன நோய் என்று சொல்லாது!

ஓலை மஞ்சளாவது வேர் வாடலாலும் இருக்கலாம், மக்னீசியச் சத்துக் குறைவாலும் இருக்கலாம், வறட்சியாலும் இருக்கலாம். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் புகுந்த சுருள் வெள்ளை ஈ, ஓலையில் கரும்பூஞ்சாணம் படிய வைக்கிறது. மேலிருந்து பார்த்தால் எல்லாமே ‘நோயாளி’தான். சத்துக் குறைந்த மரத்துக்கு உரம் போதும். தாகத்தில் நிற்கும் மரத்துக்குத் தண்ணீர் போதும். படத்தை மட்டும் நம்பிக் கோடரியைத் தூக்கினால், பிழைக்க வேண்டிய மரம் சாய்ந்துவிடும்.

மறுபக்கம், “மரம் பச்சையாத்தானே சார் இருக்கு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று விட்டாலும் ஆபத்து. அந்த ஒரு வருஷத்தில் பூச்சி அடுத்த மரத்துக்குப் பறந்துவிடும்.

அதனால் காமிரா செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். ஆயிரம் மரத்தில் எந்த இருபது மரத்தடிக்கு முதலில் போக வேண்டும் என்று அது காட்ட வேண்டும். போய் நின்று, ஓலையைப் பிரித்துப் பார்த்து, தேவைப்பட்டால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பித் தீர்ப்புச் சொல்ல வேண்டியது மனிதன்.

தென்னங்கன்றைத் தமிழன் ‘தென்னம்பிள்ளை’ என்கிறான். காய்க்க ஐந்தாறு வருடம் காத்திருந்து வளர்த்த பிள்ளை அது. நெற்றி சுடுகிறது என்று காமிரா சொன்னால், வைத்தியரைக் கூப்பிட வேண்டும். கோடரியை அல்ல!