விலையும் விரைவும்

நுழையும்முன்

ஒரு பொருளின் விலையையே அதன் பயனுக்கும் அளவுகோலாகக் கொள்வது மனித இயல்பு. விலை கூடினால் பயனும் கூடும் என்பது எல்லா இடங்களிலும் உண்மையாகுமா? மிதிவண்டி என்னும் எளிய ஊர்தியைக் கொண்டு இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம். கண்டதையும் கேட்டதையும் அப்படியே நம்பாமல், அளந்து பார்த்துத் தெளியும் அறிவியல் மனப்பான்மையையும் இது எடுத்துரைக்கிறது.

இரண்டு மிதிவண்டிகள்

கடைவாயிலில் நிறுத்தப்பட்டிருக்கும் பந்தய மிதிவண்டியை ஒரு விரலால் தூக்கிப் பார்க்கிறான் ஓர் இளைஞன். அது எளிதாக எழும்புகிறது. கரிம இழையால் ஆன சட்டகம், மெல்லிய சக்கரங்கள், பளபளக்கும் வண்ணப்பூச்சு. 'இதில் ஏறினால் காற்றாய்ப் பறக்கலாம்' என்று அவன் மனம் அக்கணமே முடிவு செய்துவிடுகிறது. விலையைக் கேட்டதும் மனம் சற்றே தயங்குகிறது. ஆயினும், 'இவ்வளவு விலை என்றால் அவ்வளவு வேகமும் இருக்கத்தானே வேண்டும்' என்று தனக்குத்தானே அமைதி கூறிக்கொள்கிறது.

இந்த முடிவு சரியானதா என்பதை அளந்தே பார்த்துவிட முனைந்தவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்து நாட்டின் செஸ்டர்ஃபீல்டு நகர மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவராகப் பணியாற்றிய ஜெரமி குரோவ்ஸ் என்பவரே அவர். ஷெஃபீல்டிலிருந்து பணியிடத்திற்கு அவர் மிதிவண்டியில் சென்று வந்தார். போகவும் வரவும் சேர்த்து ஏறத்தாழ 43 கிலோமீட்டர். அவரிடம் இரண்டு மிதிவண்டிகள் இருந்தன. ஒன்று, 50 பவுண்டுக்கு வாங்கிய பழைய எஃகு வண்டி, எடை 13.5 கிலோகிராம். மற்றொன்று, 1000 பவுண்டு விலையுள்ள புதிய கரிம இழை வண்டி; எடை 9.5 கிலோகிராம். விலையில் இருபது மடங்கு வேறுபாடு. எடையில் நான்கு கிலோகிராம் வேறுபாடு.

நாணயம் சொன்ன தீர்ப்பு

எந்த நாளில் எந்த வண்டியை எடுப்பது என்பதை மருத்துவர் தம் விருப்பத்திற்கு விடவில்லை. காலையில் ஒரு நாணயத்தைச் சுண்டினார். அது காட்டிய வண்டியிலேயே சென்றார். இது விளையாட்டன்று, ஆய்வின் உயிர்நாடி. விருப்பம்போல் எடுத்திருந்தால், வானம் தெளிந்த நாள்களில் புதிய வண்டியையும், மழை நாள்களில் பழைய வண்டியையும் அவர் கை நாடியிருக்கக்கூடும். அப்போது புதிய வண்டி முந்தியிருந்தால், முந்தியது வண்டியா, வானிலையா என்று பிரித்தறிய வழியில்லை. நாணயமோ வானிலை அறியாது, உடல்சோர்வு அறியாது, வண்டியின் விலையும் அறியாது. ஆகவே அது இரண்டு வண்டிகளுக்கும் நல்ல நாள்களையும் தீய நாள்களையும் நடுநிலையோடு பங்கிட்டது.

2010ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதக் காலம் இவ்வாய்வு நடந்தது. மொத்தம் 56 பயண நாள்கள். அவற்றுள் எஃகு வண்டிக்கு 30. கரிம இழை வண்டிக்கு 26. முடிவு என்ன? இரண்டு வண்டிகளிலும் சராசரிப் பயண நேரம் ஒரு மணி 48 நிமிடத்தை ஒட்டியே அமைந்தது. வேறுபாடு வெறும் 32 நொடிகள். அதிலும் முந்தி நின்றது பழைய எஃகு வண்டி! நாளுக்கு நாள் இயல்பாகவே நேரும் ஏற்ற இறக்கங்களோடு ஒப்பிட்டால் 32 நொடிகள் மிகச் சிறியவை. எனவே பழைய வண்டியே விரைவானது என்று இதனால் கூறிவிட முடியாது. புதிய வண்டி விரைவானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்பதே முறையான முடிவு. இம்முடிவுகளைப் பிரித்தானிய மருத்துவ இதழ் அவ்வாண்டு டிசம்பரில் வெளியிட்டது.

நான்கு கிலோகிராம் எங்கே போயிற்று?

வண்டியின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தும் வேகம் ஏன் கூடவில்லை? விடை எளியது. வண்டி தானாக ஓடுவதில்லை. அதன்மேல் ஒரு மனிதர் அமர்ந்திருக்கிறார். அவர் எடை 75 கிலோகிராம் எனக் கொள்வோம். எஃகு வண்டியோடு சேர்த்தால் 88.5; கரிம இழை வண்டியோடு சேர்த்தால் 84.5. கால்கள் நகர்த்தவேண்டிய மொத்த எடையில் குறைந்தது நாலரை விழுக்காடு மட்டுமே. விரலால் தூக்கும்போது வண்டியை மட்டும் எடை போடுகிறோம். மிதிக்கும்போது நம்மையும் சேர்த்தே சுமக்கிறோம்.

அந்த நாலரை விழுக்காடும் எல்லா இடங்களிலும் பயன்தருவதில்லை. மிதிவண்டியின் இயக்கத்தை எதிர்ப்பவை முதன்மையாக மூன்று: மேட்டில் ஏறும்போது புவியீர்ப்பு விசை, டயருக்கும் சாலைக்கும் இடையே உருளல் தடை, முன்னே நிற்கும் காற்றின் தடை. முதலிரண்டும் எடையைப் பொறுத்தவை. காற்றுத்தடைக்கோ எடையோடு தொடர்பில்லை. மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் செல்பவருக்கு மொத்தத் தடையில் பாதிக்கும் மேற்பட்டது காற்றால் வருவதே. எஞ்சிய உருளல் தடை மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டாலும், அதில் நாலரை விழுக்காடு குறைவதால் மொத்தத் தடையில் குறைவது ஒன்றரை விழுக்காடே. ஒரு போக்குவரத்துச் சைகையில் நிற்கும் நேரம், ஓர் எதிர்க்காற்று, ஓர் இரவின் உறக்கக்குறைவு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று போதும், அந்த ஆதாயத்தை விழுங்கிவிட.

மலைப்பாதையில் நிலைமை வேறு. செங்குத்தான ஏற்றத்தில் புவியீர்ப்பே பெருந்தடை. அங்கு ஒரு மணி நேர ஏற்றத்தில் இரண்டு, இரண்டரை நிமிடங்கள் மிஞ்சக்கூடும். நொடிகளில் வெற்றியும் தோல்வியும் முடிவாகும் பந்தய வீரருக்கு அது பெரும்பேறு. பணிக்கோ பள்ளிக்கோ செல்பவருக்கு அது பொருட்டன்று.

காற்றே பெரும்பகைவன்

காற்றுத்தடையின் இயல்பு வியப்பூட்டுவது. வேகம் கூடக்கூட அது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 25 கிலோமீட்டராக வேகத்தைக் கூட்டினால், வேகம் கால் பங்கே கூடுகிறது. ஆனால், காற்றை எதிர்க்கத் தேவையான திறன் ஏறத்தாழ இரு மடங்காகிறது. இந்தத் தடையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டதை உண்டாக்குவது வண்டியன்று. நிமிர்ந்து அமர்ந்திருக்கும் மனித உடலே.

இதற்குப் பந்தய வரலாற்றில் தெளிவான சான்று உண்டு. ஒரு மணி நேரத்தில் மிகுதியான தொலைவைக் கடப்பது மிதிவண்டி உலகின் பெருமைமிக்க சாதனைகளுள் ஒன்று. பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோ நகரில் 49.431 கிலோமீட்டர் கடந்தார். ஆங்கிலேய வீரர் கிறிஸ் போர்டுமன் 1996இல் மான்செஸ்டரில், கைகளை முன்னே நீட்டி உடலை முற்றிலும் தாழ்த்திய நிலையில், காற்றைக் கிழிக்கும் வடிவிலமைந்த வண்டியில் 56.375 கிலோமீட்டர் கடந்தார். பின்னர், மெர்க்ஸ் பயன்படுத்தியதை ஒத்த பழைய பாங்கிலான வண்டியும் அமர்வும் கொண்டே தனிச் சாதனை கணிக்கப்படவேண்டும் என விதி வந்தது. அவ்விதிப்படி 2000ஆம் ஆண்டில் அதே மான்செஸ்டரில் போர்டுமன் மீண்டும் முயன்றார். கடந்த தொலைவு 49.441 கிலோமீட்டர். இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் மெர்க்ஸைவிட வெறும் பத்து மீட்டர் மிகுதி! அதே வீரர், அதே நகரம். நான்கு ஆண்டு இடைவெளியில் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் வேறுபாடு. அதன் பெரும்பகுதி உடல் காற்றை எதிர்கொண்ட முறையால் வந்தது.

தெரிந்து தெளிவோம்

காற்றடைத்த டயரை மிதிவண்டிக்குப் பயன்படும் வகையில் உருவாக்கி 1888இல் காப்புரிமை பெற்றவர் ஜான் பாய்டு டன்லப். இவர் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்தவர். தம் மகனின் மூன்றுசக்கர வண்டி கரடுமுரடான தரையில் குலுங்காமல் செல்வதற்காகவே இம்முயற்சியில் இறங்கினார். வசதிக்காகப் பிறந்த கண்டுபிடிப்பு அடுத்த ஆண்டே பந்தயங்களில் வெற்றி தேடித் தந்தது.

சிறு செலவு, பெரும்பயன்

அப்படியாயின் வேகத்தைக் கூட்டும் வழிதான் என்ன? அது பெரும்பாலும் கடையில் இல்லை. நம் கையிலேயே இருக்கிறது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி, நம் ஆற்றலை வெப்பமாக வீணாக்குகிறது. உரிய அளவில் காற்றடைத்தால் அவ்விழப்புக் குறையும். அளவுக்கு மீறி இறுக அடைத்தாலும் தீமையே. கரடான சாலையில் வண்டி துள்ளித் துள்ளி ஆற்றலை இழக்கும். பந்தய வீரர்களே முன்பு விரும்பிய 23 மில்லிமீட்டர் டயர்களை விட்டு, இன்று 28 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள டயர்களுக்கு மாறியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூய்மையாகத் துடைத்து எண்ணெயிட்ட சங்கிலி, மிதிப்பவரின் திறனில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட பங்கைச் சக்கரத்திற்குக் கொண்டு சேர்க்கிறது. எனவே, எவ்வளவு விலையுள்ள பல்சக்கரத் தொகுதியானாலும் புதிதாக மீட்டுத்தரக்கூடியது எஞ்சிய சிறு பங்கைத்தான். துருவேறிய சங்கிலியோ தேவையின்றி ஆற்றலைத் தின்னும். இருக்கையின் உயரமும் இன்றியமையாதது. மிதிகட்டை அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கிய நிலையில் கால் நீளவேண்டும். இருக்கை தாழ்ந்திருந்தால் வலிமை வீணாவதோடு முழங்காலும் வலிக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, நாள்தோறும் மிதித்துப் பழகிய கால்களுக்கு ஈடான உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் இல்லை.

அளந்தறியும் பண்பு

இவ்வாய்வை நாமும் எச்சரிக்கையோடே அணுகவேண்டும். இது ஒரு மனிதர், ஒரு பாதையில், இரண்டு வண்டிகளைக் கொண்டு செய்தது. எந்த வண்டியில் செல்கிறோம் என்பதையும் அவர் அறிந்தே இருந்தார். ஆகவே, விலையுயர்ந்த வண்டிகள் அனைத்தும் பயனற்றவை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது, விலை கூடினால் வேகமும் கூடும் என்று நம்புவதைப் போன்றே பிழையாகும். புதிய வண்டியில் செல்வது இன்பமாக இருக்கலாம். அது வாங்குவதற்குத் தக்க காரணமாகவும் இருக்கலாம். ஆனால், இன்பத்திற்காக வாங்குவதை வேகத்திற்காக வாங்குவதாக எண்ணி ஏமாறுதல் கூடாது. அந்த ஏமாற்றத்திற்கான விலையைப் பல இல்லங்களில் செலுத்துபவர்கள் பெற்றோர்களே.

மேல்நிலைக் கல்வி பயிலும் காலத்தில் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்கு வருவோர் நம்முள் பலர். பக்கத்தில் பளபளக்கும் பந்தய வண்டி ஒன்று வந்து நிற்கும்போது, தம் வண்டி கனமானது, மெதுவானது என்று உள்ளம் குன்றுவோரும் உண்டு. அவர்கள் தலைகுனிய வேண்டியதில்லை. டயரில் காற்றையும், சங்கிலியில் எண்ணெயையும், இருக்கையின் உயரத்தையும் ஒருமுறை சரிபார்க்கட்டும். பிறகு கடிகாரத்தைக் கையில் எடுக்கட்டும். வேகத்தைச் சொல்லவேண்டியது விலைச்சீட்டு அன்று; கடிகாரமே.

கற்பவை கற்றபின்

1. நாணயத்தைச் சுண்டி வண்டியைத் தேர்ந்தெடுத்ததன் காரணத்தை உம் சொற்களில் விளக்குக.

2. டயரில் காற்றுக் குறைவாக உள்ளபோதும் சரியாக உள்ளபோதும் ஒரே பாதையில் ஐந்து ஐந்து முறை பயணம் செய்து, நேரத்தைக் குறித்துச் சராசரி காண்க. கிடைத்த முடிவை வகுப்பில் பகிர்க.

3. 'விலை மிகுந்ததே தரம் மிகுந்தது' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.