திருப்புறம்பியம் போர்: சூலூர் குழந்தைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

“சோழருங்க எப்படிப்பா அவ்வளவு பெரிய ராஜா ஆனாங்க?”

‘பொன்னியின் செல்வன்’ படம் பார்த்த குழந்தை இப்படிக் கேட்டால், தஞ்சைப் பெரிய கோயில் படத்தைக் காட்டி முடித்துவிடுகிறோம். ஆனால், பதிலின் பெரும்பகுதி அந்தக் கோயிலுக்கும் சுமார் 130 ஆண்டுகளுக்கு முன்பு, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நடந்த ஒரு போரில் இருக்கிறது. சூலூர் குழந்தை என்றால் அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: “அது தஞ்சாவூர் கதை. நம்மூருக்கு என்ன சம்பந்தம்?”

அந்தக் கேள்வியில் இருந்தே ஆரம்பிக்கலாம்.

நொய்யலைப் பிடித்துக்கொண்டு போங்கள்

செல்போனில் மேப்பைத் திறந்து குழந்தையின் விரலை நொய்யல் மேல் வைக்கச் சொல்லுங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, சூலூர் வட்டாரம், திருப்பூர் எனக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது நொய்யல். காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை கொள்ளிடமாகிறது. இரண்டுக்கும் நடுவே, கும்பகோணத்துக்கு வடமேற்கில் இருக்கும் சிறிய ஊர்தான் திருப்புறம்பியம். நம்ம ஆறு போய்ச் சேரும் திசையில்தான் அந்தப் போர்க்களம்.

என்ன நடந்தது?

காலம் கி.பி. 880 வாக்கில். அப்போது தமிழகத்தின் இரண்டு பெரிய அரசுகள் பல்லவரும் பாண்டியரும். சோழர்கள் சிற்றரசர்கள். விஜயாலயன் தஞ்சையைப் பிடித்து முப்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

பாண்டிய மன்னன் இரண்டாம் வரகுணன் ஒரு பக்கம். பல்லவ அபராஜிதன், அவனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் முதலாம் பிருதிவிபதி, சோழன் முதலாம் ஆதித்தன் மறுபக்கம். பாண்டியன் தோற்றான். பிருதிவிபதி களத்திலேயே உயிரைவிட்டான்.

ஜெயித்தது யார்?

போரை மேட்ச் ஸ்கோர் மாதிரி சொல்லிக்கொடுத்தால் ‘பல்லவர் வெற்றி’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும். கதை அதற்கப்புறம்தான் சூடுபிடிக்கிறது.

‘அபராஜிதன்’ என்றால் தோற்கடிக்க முடியாதவன். நண்பனின் அந்தப் பெயரைத் தன் உயிரைக் கொடுத்து பிருதிவிபதி உண்மையாக்கினான் என்கிறது உதயேந்திரம் செப்பேடு. ஆனால், சுமார் இருபது ஆண்டுகளுக்குள் அதே அபராஜிதன் தோற்றுப்போனான். தோற்கடித்தது பாண்டியன் அல்ல. கூடவே நின்று சண்டை போட்ட ஆதித்த சோழன். யானை மேல் இருந்த பல்லவன் மீது பாய்ந்து ஆதித்தன் கொன்றான் என்கிறது வீரராஜேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டு. தொண்டை மண்டலம் சோழர் கைக்கு வந்தது.

பாண்டியர் பலம் குறைந்தது, பல்லவர் ஆட்சி முடிவுக்கு வந்தது, கங்க மன்னன் இறந்தான். துணைக்கு வந்த சிற்றரசன் பேரரசுக்கு அடித்தளம் போட்டான். “அப்போ உண்மையிலேயே ஜெயிச்சது யாரு?” என்று குழந்தையிடமே திருப்பிக் கேளுங்கள்.

கதையா, சான்றா?

நடக்க முடியாத முதியவர் விஜயாலயன், வீரர்களின் தோளில் ஏறி இரண்டு கைகளிலும் வாள் சுழற்றினார் என்று கல்கி எழுதிய காட்சி பலருக்கும் மனப்பாடம். குழந்தைக்குத் தாராளமாகச் சொல்லலாம். கூடவே, “இது நாவலில் வருவது, கல்வெட்டில் இல்லை” என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செப்பேடு என்றால் அப்படியே நம்பிவிடலாமா? உதயேந்திரம் செப்பேடு பிருதிவிபதியின் பேரன் காலத்தில், போருக்குச் சுமார் 40 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. தாத்தாவைப் பேரன் பெருமையாகத்தானே சொல்வான்? அதேபோல, கன்னியாகுமரிக் கல்வெட்டு சோழர்களின் சொந்தப் புகழ்ச்சி. ‘இதை யார் சொன்னது, எப்போது சொன்னது?’ என்று கேட்கப் பழகிய குழந்தை, நாளை வாட்ஸ்அப்பில் வரும் வரலாற்று ஃபார்வர்டையும் அப்படித்தான் பார்க்கும்.

கொங்குக்கு என்ன ஆனது?

அன்பில் செப்பேடு ஒரு செய்தி சொல்கிறது: சஹ்ய மலையில் இருந்து கடல் வரை, காவிரியின் இரு கரைகளிலும் ஆதித்தன் சிவன் கோயில்கள் கட்டினான். சஹ்யம் என்பது மேற்குத் தொடர்ச்சி மலை. அங்கிருந்து வரும் காவிரி கொங்கு வழியாகத்தான் சோழநாட்டுக்குப் போகிறது. ஆதித்தன் கொங்கைப் பிடித்ததாக ‘கொங்கு தேச ராஜாக்கள்’ என்ற பிற்கால நூலும் சொல்கிறது. பின்னாளில் கொங்குக்கு ‘வீரசோழ மண்டலம்’ என்ற பெயரே வந்தது. எங்கோ கீழ்க்காவிரியில் நடந்த சண்டையின் விளைவு, ஆற்றோடு எதிர்நீச்சல் போட்டு நொய்யல் கரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அடுத்த லீவுக்குக் கும்பகோணம் போனால், திருப்புறம்பியம் சாட்சிநாதர் கோயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போர் நடந்த ஊரில் நின்றபடி குழந்தையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “இந்தக் கதையை வரகுண பாண்டியன் எழுதியிருந்தா எப்படி எழுதியிருப்பான், கண்ணு?”