மறதிக்கும் ஈஸ்ட்ரோஜனுக்கும் என்ன தொடர்பு? வயதான எலிகள் சொல்லும் பாடம்!

"அடுப்புல பால் வெச்சதையே மறந்துட்டேன்...", "சாவியை எங்க வெச்சேன்னே தெரியல..." மாதவிடாய் நிற்கும் வயதில் உள்ள பெண்கள் பலர் இப்படிப் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். வயதாவது மட்டும்தான் காரணமா, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதும் சேர்ந்துகொள்கிறதா?

விடை தேட விஞ்ஞானிகள் சுண்டெலிகளிடம் போனார்கள். அவற்றின் ஆயுளே இரண்டு, மூன்று ஆண்டுகள்தான் என்பதால், முதுமையைச் சீக்கிரம் ஆராய்ந்துவிடலாம்.

நீச்சல் பரீட்சை

வட்டமான தொட்டி, தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு மேடை. நீந்தும் எலி, சுற்றியுள்ள அடையாளங்களை வைத்து மேடை இருக்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க விஞ்ஞானி கேரின் ஃப்ரிக் குழுவினர் 5, 17, 25 மாத வயதுள்ள ஆண், பெண் எலிகளைச் சோதித்து, 2000-ல் முடிவை வெளியிட்டனர். 17 மாதத்திலேயே பெண் எலிகள் ஆண் எலிகளைவிட அதிகம் தடுமாறின. அவற்றின் இனப்பெருக்கச் சுழற்சி நிற்கும் காலமும் அதுதான். 25 மாதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

2002-ல் வெளியான அடுத்த ஆய்வில், 27, 28 மாதக் கிழட்டுப் பெண் எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போடப்பட்டது. அவற்றின் நினைவாற்றல் மேம்பட்டது. நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில், நரம்பு செல்களின் இணைப்புகளில் இருக்கும் ஒரு புரதமும் கூடியிருந்தது.

ஆண்களுக்கு?

ஈஸ்ட்ரோஜன் பெண்களுக்கு மட்டுமே சொந்தமானதல்ல. ஆண்களின் மூளையில் அரோமட்டேஸ் என்ற என்சைம், டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் படிப்படியாகத்தான் குறையும். பெண்களுக்கோ மெனோபாஸை ஒட்டிய சில ஆண்டுகளிலேயே ஈஸ்ட்ரோஜன் சரிந்துவிடுகிறது.

அப்படியானால் மாத்திரை போடலாமா?

அவசரம் வேண்டாம். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 4,532 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2003-ல் வெளியானது. ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு, டிமென்ஷியா ஆபத்து குறையவில்லை. மாறாக, இரு மடங்கானது! மெனோபாஸ் முடிந்து பல ஆண்டுகள் கழித்துத் தொடங்கியது காரணமாக இருக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை.

எலிக்குப் பலன் தந்தது மனிதர்களுக்கும் அப்படியே பலன் தரும் என்று சொல்ல முடியாது. தைராய்டு பிரச்னை, வைட்டமின் பி12 குறைபாடு, தூக்கமின்மை, மன அழுத்தம் எனச் சரிசெய்யக்கூடிய காரணங்களாலும் மறதி வரலாம். எனவே, நீங்களாகவே ஹார்மோன் மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். அம்மாவின் மறதியைக் கிண்டல் செய்துவிட்டுக் கடந்துபோகாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்!