தண்ணீர்க் கதை சொன்ன ஃபின்லாந்துப் பெண்

அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டப் போனேன். கை அப்படியே நின்றுவிட்டது. காரணம், முதல் நாள் ராத்திரி படித்து முடித்த ‘மெமரி ஆஃப் வாட்டர்’ நாவல்!

எழுதியவர் எம்மி இடாரண்டா. ஏரிகளுக்குப் பேர்போன ஃபின்லாந்தில், டாம்பெரே நகரில் 1976-ல் பிறந்தவர். இங்கிலாந்தில் படிக்கப் போனவர், இந்த முதல் நாவலைத் தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் சேர்த்தே எழுதினாராம்! பதிப்பகப் போட்டியில் பரிசு பெற்று 2012-ல் ஃபின்னிஷ் மொழியில் வெளிவந்தது. 2022-ல் சினிமாவாகவும் வந்தது.

விஞ்ஞானக் கதை என்றதும் ராக்கெட், ரோபோ என்று பயந்தேன். அதெல்லாம் இல்லை. வருங்காலத்தில் குடிதண்ணீர் ராணுவத்தின் பிடியில், அளந்துதான் கிடைக்கும். தேநீர் ஆசானின் மகள் நோரியாவின் குடும்பத்துக்கு மட்டும் ரகசிய ஊற்று ஒன்று தெரியும். தவிக்கிற ஊருக்குச் சொல்வதா, மறைப்பதா?

ஏரி நாட்டுப் பெண்ணுக்கே இந்தக் கவலை என்றால் நமக்கு? அன்று அந்தக் கழுநீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போயிற்று, சகோதரிகளே!